புக்கிட் கூத்து மலை கற்பிக்கும் பாடம்

மலை என்றவுடன் கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளின் நினைவிற்கு வருவது, கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நிற்கும் மலாவத்திக் குன்றேயாகும். அக்குன்றின் அருகே கடலோடு கலக்கும் சிலாங்கூர் ஆற்றுக்கு நீர் தரும் மலைகளைக் கண்டவர் நம்முள் சிலரே. அவற்றுள் ஒன்று, உலு சிலாங்கூரில் கோலகுபு பாரு நகருக்கு அருகிலுள்ள புக்கிட் கூத்து. அதன் உயரம் 1,053 மீட்டர். டிசம்பர் மாத இறுதியில், மழை சற்றே ஓய்ந்த ஒருநாளில், நாம் தனித்து அதன்மீது ஏறி இறங்கினோம். அங்குக் கற்றவற்றை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஈண்டுத் தருகிறோம்.

ஏறும் வழி: தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழும் பெர்த்தாக் சிற்றூரிலிருந்து பாதை தொடங்குகிறது. முதலில் ஆற்றைக் கடத்தல் வேண்டும். பின்னர் மூங்கிற் புதர்களும், அடர்காடும், செங்குத்தான ஏற்றமும் வரும். புறப்படுமுன் எவ்வழி செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் எழுதிக் கொடுத்தோம். நண்பகலுக்குள் உச்சியை எட்டாவிடில், எட்டிய இடத்திலிருந்தே திரும்புவது என உறுதி கொண்டோம்.

நண்பகல் எல்லை ஏன்? காலை வெயிலில் நிலம் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிறது. பிற்பகலில் அது இடியுடன் கூடிய மழையாகப் பொழிகிறது. நம் தலைக்குமேல் வெயில் காய்ந்தாலும், மேல்மலையில் பெய்த மழை காலையில் முழங்காலளவு ஓடிய ஆற்றை மாலையில் கடக்கவொண்ணாததாக்கிவிடும். அன்றியும், சூரியன் மறையுமுன்னரே காட்டினுள் இருள் கவிந்துவிடும்.

உச்சியில் கண்டவை: உச்சியருகே பழைய மாளிகை ஒன்றின் புகைபோக்கி தனியே நிற்கிறது. 1890களில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த திரெச்சரின் காலத்தில், இம்மலை வெள்ளையர் இளைப்பாறும் இடமாயிற்று. வெப்ப நாட்டில் கணப்படுப்பு எதற்கு என மாணவர் வினவலாம். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. ஆகவே அடிவாரத் தாழ்நிலத்தில் 30 பாகையாயின், உச்சியில் 24 பாகையளவே இருக்கும். இரவில் குளிர் இன்னும் மிகும்.

பெரும்பாறைமீது நின்று நோக்கின், ஒருபுறம் தித்திவங்சா மலைத்தொடர். மறுபுறம் நகரும் தாழ்நிலமும் விரிகின்றன. நம் தோட்டங்களின் பக்கமாக ஓடும் ஆறு இம்மலைகளின் மடியில் பிறந்ததே என்பது அப்போது தெளிவாகிறது. மலைக்காடு மழைநீரை வேரிலும் மண்ணிலும் தேக்கிச் சிறிது சிறிதாக விடுகிறது. காடு அழிந்தால் மழைநாளில் வெள்ளமும், வெயில்நாளில் வறட்சியும் கீழே உள்ளோரையே வருத்தும். 1883ஆம் ஆண்டில் பழைய கோலகுபுவில் அணை உடைந்து பலர் மாண்டனர். பின்னர் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றைத் தூர்க்க, வெள்ளம் அடிக்கடி புகுந்தது. அதனாலேயே ஊர் மேட்டுநிலத்திற்கு மாறிக் கோலகுபு பாரு ஆயிற்று.

மாணவமணிகளே! நீங்கள் மலையேற விரும்பின் பெரியோர் துணையுடனும், வன இலாகாவின் அனுமதியுடனும், வழியறிந்த ஊராரின் உதவியுடனும் செல்லுங்கள். தனியே செல்லாதீர்கள். உச்சியை அடைதல் பாதி வெற்றி. பொழுதோடு வீடு திரும்புதலே முழு வெற்றி. உச்சி நாளையும் அங்கேயே இருக்கும். உங்களுக்காகக் காத்திருப்போர் இல்லத்தில் இருக்கின்றனர்.