காற்று வேண்டாம், தண்ணீர் போதும்

அன்புள்ள முருகேசனுக்கு,

பாய்லர் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. பாய்லரின் பலத்தைச் சோதிக்கக் காற்றடித்துப் பார்த்தால் சீக்கிரம் முடியுமே, தண்ணீர் நிரப்பி ஏன் மெனக்கெடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அது.

15 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சுருங்காது. தகடு கிழிந்தால் கொஞ்சம் நீர் பீறிடும், உடனே அழுத்தம் விழுந்துவிடும். காற்றோ அதே அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி நிற்கும். வழி கிடைத்த கணமே அத்தனையும் விரிந்து இரும்பை வீசியெறியும். அதனால்தான் நிரப்பும்போது உச்சியிலுள்ள ஏர் வென்ட்டைத் திறந்து வைக்கிறோம். முதலில் புஸ்ஸென்று காற்று வரும். பிறகு நுரையும் நீருமாக விட்டுவிட்டுத் துப்பும். குமிழியே இல்லாமல் சீராக ஒழுகத் தொடங்கிய பிறகுதான் மூட வேண்டும். எவர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதே.

அப்புறம் பம்பு, மெதுவாக. புது பாய்லருக்கு நம் நாட்டு விதிப்படி வேலை அழுத்தத்தில் ஒன்றரை மடங்கு: 10 கிலோவுக்கு 15. பம்பை நிறுத்திய பின் கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வால்வாக இருக்கலாம், ஃபிளாஞ்ச் பேக்கிங்காக இருக்கலாம், வெல்டாகவும் இருக்கலாம். உச்ச அழுத்தம் நிற்கும்போது கிட்டே போகாதே. வேலை அழுத்தத்துக்கு இறக்கிய பிறகு டார்ச்சோடு போ. வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, வெல்டுகளையும் ட்யூப் முனைகளையும் ஒவ்வொன்றாகப் பார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் தகடு வெளியே வியர்க்கும். அதைக் கசிவென்று நினைத்துவிடுவார்கள். துணியால் துடைத்துவிட்டுக் காத்திரு. ஒரே புள்ளியில் மறுபடி மறுபடி துளிர்த்தால் அதுதான் கசிவு. சாக்பீஸால் வட்டமிட்டுவிடு.

1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டன் ஊரில், குரோவர் ஷூ தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ரிவெட் இணைப்புக்குள், கண்ணில் படாத இடத்தில் விரிசல். அந்தச் சாவுகளுக்குப் பிறகே, பிராக்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் 1907இல் பாய்லர் சட்டம் போட்டது.

இதை எழுதக் காரணம் உண்டு. சோதனையில் தேறியது அன்றைய பலத்துக்கு மட்டுமே சான்று. உப்புப் படிவும் அரிப்பும் பாய்லர் ஓடத் தொடங்கியதுமே உள்ளே வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் வருடாந்தரப் பரிசோதனைக்கு டிரம்மைத் திறக்கும்போது, மேஸ்திரியிடம் கேட்டு நீயும் கூட இருந்து பார்.

அன்புடன்,
மாமா