எந்த வேலையை விட்டீங்க?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியராக இருந்த காலம் முழுக்க, மகளிர் குழுக் கூட்டங்களில் மாரடைப்பு பற்றிப் பேசியிருக்கிறேன். "யாருக்காவது நெஞ்சு வலி இருக்கா?" என்று கேட்டால் ஒரு கை உயராது. "வலியெல்லாம் இல்ல நர்சம்மா, வாயுதான்" என்று சிரிப்பார்கள். "போன வருசம் செஞ்சு, இப்ப முடியாம விட்ட வேலை எது?" என்று கேட்டால் பேச்சு நிற்காது. ஒருவர் இரண்டு குடம் தூக்கியதை ஒன்றாக்கியிருப்பார். துணி காயப்போட மாடி ஏறுவதை மருமகளிடம் தள்ளியிருப்பார் இன்னொருவர். நூறு நாள் வேலையில் மண்சட்டியை வாங்கிக் கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொள்வார் வேறொருவர். வேலை செய்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அழுத்துகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தசோகையாகவோ தைராய்டாகவோகூட இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை, பக்கத்து வீட்டு அக்கா இல்லை.

மாரடைப்பில் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில்தான் தெரியும். ஆனால் அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, காரணம் புரியாத அசதி என்று கலந்து வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நம் சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்கள் எப்போதும் அப்பாக்கள்தான்! மருத்துவ ஆராய்ச்சியும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் நடந்து, 1989-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. உலகில் இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான் கொண்டுபோகின்றன. கூட்டத்தில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். புற்றுநோய்க்குத்தான் எல்லோருக்கும் பயம்.

ஈசிஜி எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். காரணம் காசு என்று நினைப்போம். உண்மையில் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம். எடுப்பவர் ஆணாக இருப்பார், கதவு பாதி திறந்திருக்கும், வெளியே கூட்டம் நிற்கும். "உள்ள கரண்டு விடுவாங்களாமே" என்ற பயம் வேறு. அதனால் கூட்டத்திலேயே செய்து காட்டுவேன். கை கால்களில் நாலு, நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்டுவார்கள். உடம்புக்குள் கரண்டு எதுவும் போகாது, இதயத்தில் ஏற்கெனவே ஓடுவதைத்தான் கருவி எழுதுகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு போங்கள். முந்தானையால் மூடிக்கொள்ளலாம். திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள், பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை. இன்னொன்று: ஒரு ஈசிஜி நன்றாக இருந்தது என்பதற்காக வலியோடு வீடு திரும்பாதீர்கள். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தும்தான் மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியும்.

மாதவிடாய் நின்றபின் ஆபத்து கூடும். நாற்பது வயதுக்கு முன்பே நின்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் நான் முதலில் கேட்பது பிரசவத்தைப் பற்றி. கர்ப்பத்தில் பிரஷர் ஏறியதா, ஜன்னி கண்டதா, சர்க்கரை வந்ததா? கர்ப்பகாலப் பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். இருபது வருடம் கழித்து மருத்துவர் முன் உட்காரும்போது அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வருடம் ஒருமுறையாவது பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள்.

சரி, வந்தேவிட்டது என்றால்? குளிர்ந்த வேர்வையோடு நெஞ்சு அழுத்தினால் சோடா குடித்துப் பார்ப்பது, வெந்நீர் ஒத்தடம், "அவரு வரட்டும்" என்று திண்ணையில் சாய்ந்திருப்பது எதுவும் வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்தும் போக வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் முதல்கட்ட மாத்திரைகள் இருக்கின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அல்சர், ரத்தக்கசிவு, மாத்திரை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாலையில் வையுங்கள், மகன்களையும் உட்கார வையுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் போனை எடுக்கப்போவது அவர்கள்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோபிளாஸ்டி அதில் வரும்.