ரைட் பேக் ஆகப்போகும் இளைஞருக்கு: டேனி மெக்ரெய்னின் இருபது ஆண்டுகள்

டேனி மெக்ரெய்ன் 1950 மே 1ஆம் தேதி கிளாஸ்கோவில் பிறந்தவர். போருக்குப் பின் நகரின் மேற்கு ஓரத்தில் எழுந்த ட்ரம்சேப்பல் குடியிருப்பில் வளர்ந்தார். 1967இல் செல்டிக் அணியில் சேர்ந்து 1987 வரை அங்கேயே ஆடினார். 650க்கு மேற்பட்ட ஆட்டங்கள், ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஸ்காட்டிஷ் கோப்பைகள், ஸ்காட்லாந்துக்காக 62 ஆட்டங்கள் என்று கணக்கு நீளும். போட்ட கோல்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். டிஃபெண்டராக வாழ முடிவெடுத்த இளைஞருக்கு எழுதப்படும் எந்தக் கடிதமும் இந்தக் கணக்கில் தொடங்குவது நல்லது. இருபது வருட உழைப்பைக் காட்ட இந்த வேலையில் கோல் பட்டியல் இருக்காது.

சிறுவயதில் மெக்ரெய்ன் ரேஞ்சர்ஸ் ரசிகர். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட், செல்டிக் என்றால் கத்தோலிக்கம் என்று கோடு கிழித்திருந்த காலம். ரேஞ்சர்ஸுக்கு ஆள் தேடியவர் பெயரைக் கேட்டதும் பையன் கத்தோலிக்கன் என்று நினைத்து விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அவரோ புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளை. செல்டிக் மேலாளர் ஜாக் ஸ்டீன் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாதவர்; அவரே புராட்டஸ்டன்ட்தான்.

1967இல் செல்டிக்கில் சேர்வது என்பது வரிசையின் கடைசியில் போய் நிற்பது. அந்த மே மாதம்தான் அணி லிஸ்பனில் இன்டர் மிலானை 2–1 என வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியிருந்தது. ஜிம் கிரெய்க்கும் டாமி கெம்மெலும் பின்வரிசையின் இரு ஓரங்களையும் பிடித்திருந்தார்கள். மெக்ரெய்ன் ரிசர்வ் அணிக்குப் போனார். கென்னி டல்கிளிஷ், லூ மக்காரி, டேவிட் ஹே, ஜார்ஜ் கானலி எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒரு மிட்டாயின் பெயரைச் சூட்டி, ‘குவாலிட்டி ஸ்ட்ரீட் கும்பல்’ என்று அவர்களை அழைத்தார்கள். மெக்ரெய்ன் முதல் அணியில் கால் வைத்தது 1970 ஆகஸ்டில். மூன்று வருடக் காத்திருப்பு. ஆனால் அது சும்மா உட்கார்ந்திருந்த காலம் அல்ல. நடுக்கள ஆட்டக்காரராக வந்த பையன் அந்த வருடங்களில்தான் ஸ்டீனின் கையில், பின்வரிசையின் ஓரத்தில் ஆடும் ஃபுல் பேக்காக மாறினார். இடம் மாற்றினால் மதிப்பைக் குறைத்துவிட்டதாக இளம் ஆட்டக்காரர்கள் நினைப்பதுண்டு. மெக்ரெய்ன் விஷயத்தில் பின்னால் தள்ளப்பட்டதுதான் பிழைப்பாயிற்று. நடுக்களத்தில் கற்ற பந்துக் கட்டுப்பாடும் பாஸும் ஓரத்தில் அரிதாக இருந்தன. ஓரத்தில் அவை கூடுதல் விலை பெற்றன.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பழைய காலத்து ஃபுல் பேக் எதிரணி விங்கரைப் பிடித்துக்கொண்டு பாதிக்கோட்டைத் தாண்டாமல் நின்றவர். லிஸ்பனில் கெம்மெல் ஓடிப்போய் அடித்த கோல் அந்தப் பழக்கத்தை உடைத்தது. மெக்ரெய்ன் அந்தப் பாதையில் வந்தவர். முன்னேறுவது மூச்சு இருக்கிற யாருக்கும் முடியும். எப்போது முன்னேறுவது என்பதுதான் கடினம். தன் விங்கர் பந்தோடு உள்பக்கம் வெட்டித் திரும்பும் கணத்தில் ஓரம் காலியாகும். புறப்பட வேண்டியது அப்போது. முன்னமே புறப்பட்டால் எதிரியும் கூடவே வந்துவிடுவான். தாமதித்தால் விங்கருக்குப் பாஸ் கொடுக்க ஆள் இருக்காது. பந்து பறிபோனால் அதே அறுபது மீட்டரைத் திரும்ப ஓட வேண்டும். தொலைக்காட்சி அந்தத் திரும்பும் ஓட்டத்தைக் காட்டாது.

டாக்கிள் விஷயத்திலும் அவசரம் ஆகாது. நல்ல ஃபுல் பேக் உடலைச் சற்றுச் சாய்த்து நின்று விங்கருக்கு வெளிக்கோட்டை மட்டும் திறந்துவிடுவார். உள்ளே வழி கிடையாது. பந்து காலைவிட்டு அரை அடி விலகும்வரை நின்றபடியே பின்வாங்குவார். சறுக்கி விழுவது கடைசி வழி. விழுந்தவர் எழுவதற்குள் ஆட்டம் கடந்துவிடும். 1976இல் ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக மெக்ரெய்ன் அந்தக் கடைசி வழியை எடுத்தார். ஸ்காட்லாந்து 2–1 என முன்னிலையில் இருந்தது; முடிய ஏறக்குறைய நேரமில்லை. மிக் சானன் பெனால்டி எல்லைக்குள் புகுந்து அடிக்க ஓங்கினார். ஒரு விரற்கடை பிசகினாலும் பெனால்டி. மெக்ரெய்ன் பந்தை மட்டும் எடுத்தார். அந்த ஆட்டம் என்றால் இன்றும் எல்லாரும் சொல்வது, ரே கிளெமென்ஸின் கால்களுக்கு இடையே டல்கிளிஷ் உருட்டிவிட்ட வெற்றிக் கோலைத்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் சானனைத் தடுக்காதிருந்தால் அந்தக் கோலுக்கு வெற்றிக் கோல் என்ற பெயரே வந்திருக்காது.

ஸ்காட்லாந்துக்காக அவர் முதலில் ஆடியது 1973இல், வேல்ஸுக்கு எதிராக. அங்கே ஒரு சிக்கல். ரேஞ்சர்ஸின் சாண்டி ஜார்டைனும் முதல்தரமான ரைட் பேக். இருவரில் ஒருவரை உட்காரவைக்காமல் மெக்ரெய்னை இடப்பக்கம் மாற்றினார்கள். 1974 மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையில் அவர் ஆடியது அங்கேதான். வலதுகால் ஆட்டக்காரருக்கு அது எளிதல்ல. ஓரக்கோட்டருகே இடதுகாலால் பந்தை அனுப்ப வேண்டும். வலப்பக்கப் பழக்கத்தில் உடல் திரும்பினால் விங்கர் உள்ளே புகுந்துவிடுவான். இரண்டு காலையும் பழக்கி வைத்திருந்ததால்தான் அந்தச் சிக்கலுக்கு விடை இருந்தது. ஸ்காட்லாந்து ஜாயிரை 2–0 என வென்றது, பிரேசிலோடு 0–0, யூகோஸ்லாவியாவோடு 1–1. ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் ஊர் திரும்பியது.

அவருடைய உடலின் கதைக்குத்தான் இந்தக் கடிதத்தில் அதிக இடம் கொடுக்க வேண்டும். 1972இல் ஃபால்கர்க் அணியோடு ஆடியபோது தலையோடு தலை மோதி மெக்ரெய்னின் மண்டை ஓட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டது. கேட்டவர்கள் ஆட்டமே முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பருவத்தில் அவர் அணியின் நிரந்தர ரைட் பேக். 1974 உலகக் கோப்பை முடிந்து திரும்பியபோது தீராத தாகமும் எடை இழப்பும் இருந்தன. பரிசோதித்தபோது நீரிழிவு என்று தெரிந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வீடுகளுக்கு வராத காலம் அது. இன்சுலின் ஊசி, உணவின் அளவு, பயிற்சியின் கடுமை ஆகிய மூன்றையும் அனுபவத்தால் சமன்செய்தபடி 1987 வரை அவர் செல்டிக்குக்காக ஆடினார். இங்கே இளைஞர் கவனிக்க வேண்டியது துணிச்சலை அல்ல, ஒழுங்கை. காரணம் தெரியாமல் எடை குறைந்தால் அதைக் களைப்பு என்று சொல்லிக் கடந்துபோகாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றாவது அடிதான் விசித்திரம். 1977 அக்டோபரில் ஹிபெர்னியனோடு ஆடியபோது கணுக்காலில் அடி. பார்த்தால் சிறியது. மண்டை ஓடு ஒரு கோடையில் ஆறியது. இந்தக் கணுக்கால் ஓராண்டுக்கு மேல் ஆறவில்லை. அந்த ஆகஸ்டில்தான் டல்கிளிஷ் லிவர்பூலுக்குப் போயிருந்தார், மெக்ரெய்ன் அணித்தலைவராகியிருந்தார். இருவரும் இல்லாத செல்டிக் அந்தப் பருவத்தில் ஐந்தாம் இடத்தில் முடித்தது. ஸ்காட்லாந்து அடைந்த இழப்பு இன்னும் வெளிப்படையானது. 1978 அர்ஜென்டினா உலகக் கோப்பையில் பெருவோடு முதல் ஆட்டம். பெருவின் விங்கர்கள் முன்யான்டேயும் ஒப்லிடாஸும் இரு ஓரங்களையும் கிழித்தார்கள்; ஸ்காட்லாந்து 3–1 எனத் தோற்றது. ஒரு ஃபுல் பேக்கின் மதிப்பு தெரிவது பெரும்பாலும் அவர் இல்லாத நாளில்தான். அடியைப் பொறுத்தவரை அளவைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. வலி ஏன் போகவில்லை என்று யாராவது சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

1979இல் அவர் திரும்பினார். மே 21ஆம் தேதி, ரேஞ்சர்ஸை வென்றால்தான் லீக் என்ற நிலை. ஜானி டாயல் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேரோடு செல்டிக் 4–2 என வென்றது. தலைவர் மெக்ரெய்ன்.

1982 ஸ்பெயின் உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்தை அவர் வழிநடத்தினார். 5–2 என்று வென்ற ஆட்டம். அதில் நியூசிலாந்தின் ஒரு கோல், அவருக்கும் கோல்கீப்பர் ஆலன் ரஃபுக்கும் இடையே நேர்ந்த குழப்பத்தில் விழுந்தது. அணி மறுபடியும் கோல் வித்தியாசத்தில் வெளியேறியபோது, கொடுத்த ஒவ்வொரு கோலுக்கும் எடை கூடியது. அறுபதுக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் ஆடியவருக்கும் இது நடக்கும். கோல்கீப்பரோடு உரக்கப் பேசிக்கொள்ளும் பழக்கம் அனுபவத்தோடு தளர்ந்துபோகக் கூடியது. அதைப் பயிற்சியில் தினமும் புதுப்பிக்க வேண்டும்.

வயதான டிஃபெண்டர் எப்படி ஆட வேண்டும் என்பதற்கு 1986 மே 3ஐப் பார்க்கலாம். பருவத்தின் கடைசி நாள். லீக் பட்டம் கிடைக்க ஹார்ட்ஸ் தோற்க வேண்டும், செல்டிக் பல கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். இரண்டும் நடந்தன. டண்டியில் ஹார்ட்ஸ் 2–0 என வீழ்ந்தது. செயின்ட் மிர்ரனை செல்டிக் 5–0 என வென்றது. அன்றைய மூன்றாவது கோல் கிளம்பியது செல்டிக்கின் வலது மூலையிலிருந்து. நெருக்கடியில் பந்தைத் தூக்கி எறியாமல், காலால் தட்டி எதிரியைத் தாண்டவைத்து, நான்கைந்து பாஸ்களில் மறுமுனைக்கு அனுப்பிய ஆட்டம். தொடங்கிவைத்த மெக்ரெய்னுக்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் 36 வயது நிறைந்திருந்தது. வேகம் குறைந்த பிறகும் நடுக்களத்தில் கற்ற கால் அப்படியே இருந்தது.

1987இல் செல்டிக்கை விட்டு ஹாமில்டன் அகாடமிகல் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் அவர்கள் முதல் டிவிஷனை வென்றார்கள். 1992 முதல் 1994 வரை ஆர்ப்ரோத் என்ற சிறிய கடற்கரை ஊர் அணிக்கு மேலாளர். அவருடைய தாடியைக் கொண்டாட ஊர் ரசிகர்கள் ஒட்டுத்தாடியோடு மைதானத்துக்கு வந்தார்கள். ‘டேனி மெக்ரெய்னின் தாடிப்படை’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2002இல் செல்டிக்கின் எக்காலத்திலும் சிறந்த பதினொருவரை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது ரைட் பேக் இடம் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் செல்டிக்கிலேயே இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.