ஜிப்சமும் ஹாப்ஸும்

வேர்க்கடலை பூத்து விழுது இறங்கும் சமயத்தில் அப்பா ஜிப்சம் போட்டு மண் அணைப்பார். வல்லக்கோட்டையில் எங்கள் நிலத்தில் அந்த வெள்ளைத் தூளைக் கூடையில் சுமந்து கொடுப்பது என் வேலை. பல வருடம் கழித்து, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வாடகை வீட்டுச் சமையலறையில், பீர் காய்ச்சும் தண்ணீரில் 8 கிராம் ஜிப்சத்தை எடை போட்டுக் கரைத்தேன். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "கடலைக்குப் போடுவோமே, அந்த ஜிப்சமாடா?" என்றார். அதேதான், சாப்பாட்டில் சேர்க்கத் தகுந்த சுத்தமான வகை.

ஒரகடத்தில் கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். கம்பெனி 3 வருடம் என்னைக் கோவென்ட்ரிக்கு அனுப்பியிருந்தது. இப்போது எங்கள் லைனிலிருந்து ஒரு தம்பி அதே ஊருக்குப் போகிறான். "அண்ணே, அங்க நீங்களே ஐ.பி.ஏ. காய்ச்சுவீங்களாமே, எழுதிக் குடுங்க" என்று கேட்டான். அவனுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் விற்காதவரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம், 1963-இலிருந்து அப்படித்தான். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். ஆகவே ஊர் திரும்பிய பிறகு நான் ஒரு சொட்டும் காய்ச்சவில்லை. பாத்திரங்களை அங்கேயே ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீட்டில் காய்ச்சினேன் என்றால் நம் ஊரில் கேட்பவர் மனம் அங்கேதான் போகும், போகத்தான் வேண்டும். பீரில் சாராயம்போல் வடித்தெடுக்கும் வேலை கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து, இறங்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று நொதிக்கிறது. இருந்தாலும் அங்கே கற்றதை அங்கேதான் செய்ய வேண்டும். குடித்துப் பார்க்க மட்டும் ஆசை என்றால், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலேயே பெங்களூருக்குப் போகலாம். இந்திரா நகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போன்ற இடங்களில் கண்ணெதிரே தொட்டி வைத்துக் காய்ச்சுகிறார்கள்.

ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் ஏற்றி வந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வர 4 மாதம், 6 மாதம் ஆகும். 1820-களில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப் ஆலை போட்டிக்கு வந்து சந்தையைப் பிடித்தது. அந்த ஊர் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கரைந்திருக்கிறது. சல்பேட் மிகுந்த தண்ணீரில், பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கில் இழுபடாமல் நறுக்கென்று நிற்கும். கோவென்ட்ரியிலிருந்து பர்ட்டன் பக்கம்தான். அங்கே போய் வந்த பிறகுதான் எனக்கு அப்பாவின் ஜிப்சம் ஞாபகத்துக்கு வந்தது.

கப்பல் பயணத்துக்கென்றே ஐ.பி.ஏ. கண்டுபிடிக்கப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் நன்றாகவே வந்து சேர்ந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைக் குடித்தார்கள். வெப்ப நாட்டுக்குப் போகும் பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போட வேண்டும் என்பது 1760-களிலேயே இருந்த அறிவுரை.

ஏன் ஹாப்ஸ் என்பதைப் பனையேறிகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு நொதிப்பையே நிறுத்திவிடும். ஹாப்ஸின் கசப்போ ஆள் பார்த்துத் தடுக்கும்: இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகையறாவை அண்டவிடாது, ஈஸ்ட்டை அதன் வேலையைச் செய்யவிடும்.

இனி முக்கியமான விஷயம். ஹாப்ஸை எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதில்தான் ஐ.பி.ஏ. இருக்கிறது. முதல் தடவை நான் 150 கிராமையும் கொதி தொடங்கியதுமே கொட்டினேன். கிடைத்தது வேப்பிலைக் கஷாயம். வாசனை துளியும் இல்லை. ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் கொதித்தால்தான் கசப்பாக மாறும், அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். அதன் எண்ணெய்தான் ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மர வாசனை எல்லாம். அது கொதித்தால் ஆவியோடு போய்விடும். அம்மா ரசம் வைப்பதை நினைத்துக்கொண்டேன். புளியைப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுவாள். நுரை கூடி வந்ததும் இறக்கி, கடைசியில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டு மூடுவாள். கொத்தமல்லியைப் புளியோடு சேர்த்து வேகவைக்க அவளுக்கு மனம் வராது.

20 லிட்டருக்கு என் கணக்கு இது. பேல் மால்ட் 6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், 66 டிகிரித் தண்ணீரில் 1 மணி நேரம் ஊற வேண்டும். 70-க்குப் போனால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, கசப்பும் தித்திப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். வடித்த சாற்றை மூடாமல் 1 மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பொங்கி வழியும் தருணத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கொதி தொடங்கியதும் மேக்னம் வகை ஹாப்ஸ் 30 கிராம். கடைசி 10 நிமிடத்தில் சென்டெனியல் 40 கிராம். அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு இறங்கியதும் சிட்ரா 60 கிராம் போட்டு 20 நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு செப்புச் சுருள் குழாயில் குளிர்ந்த நீரை ஓட்டிச் சட்டென்று ஆறவைக்க வேண்டும். நொதித்து ஓய்ந்த பிறகு இன்னொரு 100 கிராம் சிட்ரா, காய்ச்சாமல் அப்படியே, 3 நாள். வீட்டில் நாய் இருந்தால் சக்கையைக் கண்ட இடத்தில் கொட்டாதே, ஹாப்ஸ் நாய்க்கு விஷம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை அப்படியே பயன்படுத்தினால் பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை நுணுக்கிப் போட்டால் போதும்.

சுத்தத்தைப் பற்றிப் பெயின்ட் ஷாப் ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு ஒரு புள்ளி கதவில் இருந்தாலும் பெயின்ட் அங்கே குழிந்துவிடும். பீரிலும் சாறு ஆறிய நிமிடத்திலிருந்து அதைத் தொடுகிற எல்லாம், கரண்டி, குழாய், மூடி, உன் கை, கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு.

ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அதற்கு 2 நாள் முன்புதான் ஈஸ்ட் போட்டிருந்தேன். அந்த பீரைத் திறந்தபோது அடித்தது தின்னர் வாசனை. வேலையில் தினமும் முகர்கிற அதே வாசனை. 20 லிட்டரையும் கொட்டினேன், மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு வெயில் காலத்தில் பீர் நொதிக்கும் வாளியைச் சுற்றி ஈரத்துணி கட்டி மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். தண்ணீர்ப் பானைக்கு நம் வீட்டில் செய்வதுதான். 5 டிகிரி வரை இறங்கியது.

பாட்டிலில் அடைக்கும் நாளை நாட்காட்டி பார்த்து முடிவு செய்யாதே. பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடுவார்களே, அதுபோல ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடு. 1.062 அடர்த்தியில் தொடங்கியது 1.012-க்கு வந்து 3 நாள் அசையாமல் நிற்க வேண்டும்; அப்போது ஆல்கஹால் சுமார் 6.5 சதவீதம். அவசரப்பட்டு ஒரு வாரத்திலேயே அடைத்ததில் என் அலமாரியில் இரவில் 2 பாட்டில்கள் வெடித்தன. கண்ணாடித் துண்டு கதவு இடுக்கு வரை பறந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரைதான், அதற்கு மேல் வேண்டாம். பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே நாற்றமாக மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது காற்று. நொதித்த பிறகு பீரை மேலிருந்து சலசலவென ஊற்றினேன், பார்க்க அழகாக இருந்தது. 2 வாரத்தில் பொன்னிறம் பழுப்பாகி, மாம்பழ வாசனை போய் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிட்டது. குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட்டுக்கொண்டே நிரம்ப வேண்டும். அந்தக் காலத்து ஐ.பி.ஏ. பல மாதம் கடலில் கிடந்து முதிர்ந்தது. இப்போதைய வாசனை ஹாப்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது, 6 வாரத்துக்குள் நண்பர்களோடு குடித்து முடித்துவிடு.

தம்பி செப்டம்பரில் கிளம்புகிறான். போனதும் தொடங்காதே, அக்டோபர் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஹீட்டர் போடாத அறை தானாகவே 18 டிகிரிக்கு வந்து நிற்கும். ஹாட்ஜ்சன் கப்பலேற்றியதும் அக்டோபரில் காய்ச்சும் பீரைத்தான்.