கத்த வீட்டில் சொல்லாமல் விட்டவை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் மௌத்தானால் மூன்றாம் கத்தம், ஏழாம் கத்தம், நாற்பதாம் கத்தம் என்று வீடு நிறைந்துகொண்டே இருக்கும். இப்போது கத்தம் ஓதுவதை விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. ஓதினாலும் ஓதாவிட்டாலும் வந்தவர்களின் பேச்சு ஒன்றுதான். அவரைப் போல ஒரு மனிசன் இனி இல்லையாம், வாழ்நாளில் ஒருநாளும் கோபப்பட்டதில்லையாம். போனவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று ஓதப் போன வயதிலேயே படித்துக்கொண்டவர்கள் நாங்கள். மார்க்கத்துக்கு அது சரி. கதை எழுதுகிறவனுக்குத்தான் தொல்லை. கோபமே வராத மனிதரை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாது.

கல்முனையில் இருந்துகொண்டு கதை எழுதும் எனக்குப் பாத்திரங்களில் பாதிப் பேர் மையவாடியிலிருந்து எழுந்து வந்தவர்கள். அவர்களை எப்படிக் கூட்டி வருகிறேன் என்று புதிதாக எழுதும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் எந்த வீட்டில் போய்க் குந்துவது என்று தெரிய வேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குப் போகிறது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். குடியும் தாய் வழிதான். உம்மம்மா, உம்மா, தாத்தா என்கிற அக்கா எல்லோரும் ஒரே வளவில் அடுத்தடுத்து இருந்து மறைகிறார்கள். அதனால் பெண்களின் கதை வீட்டோடு தங்கிவிடும். ஆண்களின் கதை அப்படியில்லை. வாப்பாவின் இளமைக்காலம் நான் வளர்ந்த வீட்டில் ஒரு துண்டுகூட இருக்கவில்லை. அது அவர் பிறந்த வீட்டில், மாமிமாரிடம் இருந்தது. அங்கே போய்ப் பிளேன்டீயும் குடித்து மூன்று மணித்தியாலம் பொறுமையாக இருந்தால், வாப்பா படத்துக்குப் போய் அடி வாங்கியது வெளியே வரும்.

அடுத்தது, ஆளை முழுதாக எடுக்காதீர்கள். ஒரு பழக்கம் போதும். என் உம்மம்மா சோற்றுக்கு அரிசியைச் சுண்டால் அளந்து சுளகில் கொட்டுவார். கொட்டியதிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பழைய மா டின்னில் போடுவார். அதைப் பிடியரிசி என்று எல்லோரும் அறிவார்கள், பள்ளிக்கும் பக்கீர்மாருக்கும் போவது. ஆனால் உம்மம்மாவின் கையில் சில நாட்களில் பிடி பெருக்கும். விரல்களுக்கிடையால் அரிசி வழிய வழிய எடுப்பார். அந்த மேலதிகப் பிடி, கஷ்டத்தில் இருந்த மூத்த மகளின் வீட்டுக்கு முந்தானைக்குள் போய்ச் சேரும். உம்மம்மாவின் கணவருக்கு அது தெரியும். தெரியுமென்று உம்மம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

இதை உம்மம்மா கதையாகவே எழுதியிருந்தால் ‘தியாகத் தாய்’ என்று முடிந்திருக்கும். நான் அந்தக் கையை மட்டும் எடுத்து, சம்மாந்துறைப் பக்கத்து நெல் மில் ஒன்றின் ஸ்டோர்க்காரருக்குக் கொடுத்தேன். நடுத்தர வயது, கடுகடுத்த முகம், தொழுகையில் பிந்தாதவர். அவர் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுக்கிறார். களவா, ஸதக்காவா? கதை அந்தக் கேள்வியிலேயே ஓடியது. உம்மம்மாவிடம் இதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஸ்டோர்க்காரரிடம் முதலாளி கேட்டுவிட்டார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கொலம்பியாவின் அரகட்டாகாவில் உம்மாவின் பெற்றோரிடம் வளர்ந்தவர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். அவருடைய பாட்டனார் 1908இல் துவந்த மோதல் ஒன்றில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஊர் மாறியவர், தங்கத்தில் சின்னச் சின்ன மீன்கள் செய்தவர், போர்வீரருக்கான ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தவர். இந்த ஒரு மனிதரைப் பேரன் எப்படிப் பிரித்தார் என்று பாருங்கள். கொலை ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ஹொசே அர்க்காதியோ புவெந்தியாவுக்குப் போகிறது. அங்கே துப்பாக்கி ஈட்டியாகிறது, சண்டைக்குக் காரணமாகச் சேவற்கட்டு வருகிறது. தங்க மீன்கள் அந்தப் புவெந்தியாவின் மகனுக்கு. வராத ஓய்வூதியம் வேறொரு புத்தகத்தில் வேறொரு கர்னலுக்கு. நாங்கள் குர்பான் இறைச்சியைப் பங்கு வைப்பதுபோல ஒருவரைப் பல வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

பாட்டியிடமிருந்து அவர் எடுத்தது குரலை. நம்ப முடியாததை முகம் அசையாமல் சொல்லும் குரல். எங்கள் உம்மம்மாமாரும் அதில் குறைந்தவர்கள் இல்லை. பாக்கு வெட்டிக்கொண்டே, ‘மஹ்ரிபுக்குப் பொறகு கெணத்தடிக்குப் போகாத மனே, நேத்தும் அது வந்து நிண்டிச்சு’ என்பார்கள். மறுகா பாக்குவெட்டி ஒருதரம் சத்தம் போடும், அவ்வளவுதான். அந்தத் தொனியைப் பிடிக்க வேண்டுமென்றால் சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ நூலைப் படியுங்கள். கிழக்கிலங்கைக் கிராமத்து முஸ்லிம்களின் கவிகள் அதில் இருக்கின்றன. வயலும் வளவுமாக வாழ்ந்தவர்களின் ஆசை, குத்தல், ஏக்கம் எல்லாம் அவர்கள் வாய்ப்பேச்சில். கத்த வீட்டில் ‘பொறுமையின் சிகரம்’ ஆக்கப்பட்ட பெண்கள் வயதில் என்ன பேசியிருப்பார்கள் என்று அதைப் படித்தால் விளங்கும்.

தகவல் வேண்டுமானால் பாசக்காரர்களைவிடப் பகையாளிதான் நல்ல சாட்சி. எல்லை வேலிக்குச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக் கிழவி உங்கள் உம்மம்மாவை உங்கள் உம்மாவைவிடக் கூர்மையாகப் பார்த்திருப்பார். காணி உறுதியையும் விடாதீர்கள். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் தென்னந்தோட்டம் என்று நாற்புறமும் மறந்துபோன மனிதர்கள் அதில் நிற்பார்கள்.

ஆனால் கடற்கரை வீதிக்காரருக்கு உறுதியும் இல்லை, போட்டோவும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அவற்றையும் கொண்டுபோய்விட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஆள் போகாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். அவர்களைப் பற்றி வந்த கதைகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பலவற்றில் மனிதர்கள் அலை வருவதற்காகவே காத்திருக்கிறார்கள். அதற்கு முதல்நாள் என்ன கறி ஆக்கினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், ஒன்றும் இல்லை.

என் சாச்சா ஒருவர் அன்று போனார். ரேடியோ திருத்துகிறவர். திருத்திய பெட்டியை முஸ்லிம் சேவை நேரத்தில்தான் சோதிப்பார், வேறு நேரத்தில் கேட்டால் ‘இன்னம் முடியல்ல’ என்பார். அவரைக் கதையில் எழுதும்போது சனிக்கிழமையே ஒரு சாமான் வாங்கக் கண்டிக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்தவருக்கு, திருத்தக் கொடுத்தவர்கள் இல்லாத பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. உயிரோடு விட்டதால்தான் அந்தக் கதை எழும்பியது. அச்சுக்குப் போகுமுன் அவருடைய மகளிடம் காட்டினேன்.

‘வாப்பா எப்ப காக்கா கண்டிக்குப் போனாரு?’ என்று கேட்டாள். பதில் சொல்ல நான் வாயெடுக்குமுன், ‘இருக்கட்டும்’ என்றாள். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோகாப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிக் காட்டுவது கட்டாயம். வர்ஜீனியா வுல்ஃப் தன் 13 வயதில் இழந்த தாயை 1927இல் ‘கலங்கரை விளக்குக்கு’ நாவலில் எழுதியபோது, தாயே எழுந்து வந்ததுபோல் இருக்கிறது என்று அவருடைய அக்கா கடிதம் எழுதினார். அவர்களுக்கு அது ஆறுதல். எங்கள் ஊரில் வழக்காகலாம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். குடி, ஒழுங்கை, மாப்பிள்ளை வந்த ஊர் என்று மூன்றைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிலை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள், கல்முனைக்குடியைத் தூக்கிப் பொத்துவிலில் வையுங்கள். குறையை எழுதுவதாக இருந்தால் அது இன்னார் என்று ஒருவராலும் சுட்ட முடியாதபடி எழுதுங்கள். புறம் பேசிய பாவமும் வராது, பாத்திரமும் தன் காலில் நிற்கும்.

மில் கதையை உம்மா படித்தார். ‘நல்லாரிக்கு. ஆர் மனே இந்தாள்?’ என்றார். உம்மம்மாவோடு வேலிச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அரிசி பிடிக்கும் இடம் வந்ததும் அவர் சிரித்து, ‘இவள் இஞ்சயும் வந்திட்டாளா’ என்றாராம்.

இப்போது கத்த வீடுகளில் யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ‘எங்கட வாப்பாவையும் ஒரு கதை எழுதுங்களேன், அவரைப் போல மனிசன் இல்ல’ என்கிறார்கள். அவருக்கு எதுக்கெல்லாம் கோபம் வரும் என்று கேட்கிறேன். முதலில் முகம் சுருங்குகிறது. மறுகா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.