பக்கவாதமும் மூளைப் படமும்

வயலில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது, ஒரு கை துவண்டு விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. இதுவே பக்கவாதம். காற்று கருப்புப் பட்டதனால் இது வருவதன்று. மூளையின் இரத்தக் குழாயில் நேர்ந்த கோளாறினால் வருவது.

அக்கோளாறு இருவகைப்படும். குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. வாய்க்காலில் மண் அடைத்தாலும், கரை உடைந்தாலும் கடைமடைக்கு நீர் சேராது. ஆயினும் இரண்டிற்கும் செய்யவேண்டிய வேலை வேறு. அவ்வாறே, அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவு உள்ளவருக்குச் செலுத்தினால் உயிருக்கே அபாயம் நேரும். அனுபவமிக்க மருத்துவரும் வெளித் தோற்றத்தை மட்டும் கொண்டு இவற்றைத் திட்டமாகப் பிரித்தறிதல் இயலாது.

பிரித்துக் காட்டும் சாதனம் சி.டி. ஸ்கேன் ஆகும். எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி, மூளையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தாற்போல் கணிப்பொறியினால் இது படம் அமைக்கிறது. 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இவ்வாறு படம் பிடிக்கப்பட்டது. கருவியை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்குரிய கணிதத்தை வகுத்த கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றனர்.

புதிய இரத்தக் கசிவு படத்தில் உடனே வெண்மையாகத் தெரியும். அடைப்பினால் கெட்ட பகுதியோ முதல் சில மணி நேரத்தில் தெளிவாகத் தெரியாமலிருக்கலாம். பின்னரே கருமையாகத் தோன்றும். ஆகையால், படத்தில் ஒன்றுமில்லை என்று கேட்டவுடன் நோயாளியை வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாகாது. கசிவு இல்லை என்று தெரிவதே மருத்துவருக்குச் சிகிச்சையின் வழியைத் திறந்துவிடுகிறது.

அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். எனவே, நோய் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறங்கி எழும்போதே நோய் கண்டிருந்தால், அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் கூறுங்கள். படம் எடுக்குமுன் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாகாது. வாயில் நீரோ கஞ்சியோ ஊற்றலாகாது. புரையேறி மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையும் ஒன்றுண்டு. இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் இயங்கும் மருத்துவமனை அருகில் எங்குள்ளது என்பதை இன்றே விசாரித்தறிந்து, 108 என்னும் எண்ணுடன் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். நோய் வந்தபின் விசாரிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நோயாளியின் கை கால்களுக்கு நஷ்டமாகும்.