பழைய விசைப்பலகையும் புதிய கணிப்பொறியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஏற்காடு ஒண்டிக்கடைக்கு அருகில் என் சித்தி மனு தட்டச்சு செய்யும் சிறு கடை வைத்திருக்கிறார். பட்டா, முதியோர் ஓய்வூதியம் என்று மலைக் கிராமத்தார் சொல்லச் சொல்ல, அவர் விரல்கள் விசைகளைப் பாராமலே ஓடும். சென்ற மழைக்காலத்தில் கடையின் பழைய கணிப்பொறி நின்றுவிட்டது. கடன்பட்டு ஒரு மடிக்கணினி வாங்கினார். அதன் தட்டையான விசைகளில் அவர் கை ஓடவில்லை. பழைய விசைப்பலகையைச் செருகலாமென்றால் அதன் முனை உருண்டை. மடிக்கணினியின் துளையோ நீள்சதுரம். இரண்டு நாள் மனுக்கள் தேங்கின. அந்த இரண்டு நாளில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

உருண்டை முனைக்குப் பி.எஸ்.2 என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கணிப்பொறி வரிசையின் பெயர் அது. முனையில் 6 ஊசிகள் உண்டு. வேலை செய்பவை 4 தாம். 1996-இல் வந்த யு.எஸ்.பி.யிலும் அடிப்படையில் 4 கம்பிகளே. ஆகவே கம்பிக்குக் கம்பி சேர்த்தால் போதும் என்று நினைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்தில் ஒரு மலிவான இணைப்பான் வாங்கி வந்தோம். ஓர் எழுத்தும் விழவில்லை!

காரணம் இதுதான். 'ஏ' என்னும் ஆங்கில விசையை அழுத்தினால் பி.எஸ்.2 பலகை தானாகவே 28 என்ற எண்ணை அனுப்பும். விரலை எடுத்தால் 240, 28 என்று அனுப்பும். யு.எஸ்.பி. பலகையோ கணிப்பொறி கேட்டால்தான் பதில் சொல்லும். அதில் 'ஏ' விசையின் எண் 4. இரு மொழியும் அறிந்த பலகைகள் சில உண்டு. அவற்றுக்குத்தான் வெறும் கம்பி இணைப்பான் உதவும். சித்தியின் பலகைக்கு ஒரு மொழியே தெரியும்! நடுவே மொழிபெயர்க்க ஒரு சில்லு வேண்டும். சில்லு உள்ள இணைப்பானில் பெரும்பாலும் சிறு வடமும், விசைப்பலகைக்கு ஊதா, மௌஸுக்குப் பச்சை என இரு துளைகளும் இருக்கும். மறுநாள் அதை வாங்கினோம். முதலில் உருண்டை முனையைச் செருகி, பிறகே மடிக்கணினியில் இணைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது பி.எஸ்.2 முனையைப் பிடுங்கக் கூடாது. ஆப்பிள் கணிப்பொறியிலும் இது வேலை செய்யும். அங்கு 'ஆல்ட்' விசையும் 'விண்டோஸ்' விசையும் இடம் மாறியதுபோல் நடக்கும். அமைப்பில் சென்று மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்து விழுந்தது. ஆனால் எல்லாம் தப்பும் தவறும்! பலகை விசையின் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணிப்பொறி. மடிக்கணினியில் தமிழ் 99 அமைப்பு இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஆராயப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என 4 அழுத்தம் போதும். புள்ளி தானாக விழும். சித்தி கற்றதோ, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தொடங்கிவைத்த தட்டச்சுப் பொறியின் வழி. அதில் புள்ளி விசை உருளையை நகர்த்தாது. புள்ளியை முதலில் அடித்து, அதன்கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். 'அம்மா'வுக்கு 5 அழுத்தம்.

தமிழ் 99-தான் எளிது என்று நான் வாதாடினேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன். "ஏங்கண்ணு, முப்பது வருசமா ஓடுன விரலை ஒரு ராத்திரியில திருப்ப முடியுமா? வெளியே ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றார் சித்தி. நான் வாயை மூடிக்கொண்டு, என்.எச்.எம். ரைட்டர் என்னும் இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை, இரு முறை வந்து திரும்பிப்போன ஒரு பாட்டியின் ஓய்வூதிய மனு முதலில் அச்சாயிற்று. பச்சைத் துளை மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பழைய மௌஸின் ஊசி ஒன்று வளைந்துவிட்டது.